படகைக் கட்ட முப்புரி நைலான் கயிறு: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

என்னிடம் 24 அடி நீள ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. கரையேற்றி வைக்க வசதி கிடையாது, அதனால் வருடம் முழுக்க ஜெட்டி ஓரமாகத் தண்ணீரிலேயேதான் கிடக்கும். நான் அதில் ஏறி ஓட்டுகிற நேரத்தைக் கூட்டினால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் தேறினால் அதிகம். மீதி நேரம் பூராவும், ராத்திரி, மழை, காற்று எல்லாவற்றிலும், படகைப் பார்த்துக்கொள்வது நாலு கயிறுதான். எஞ்சினுக்கு ஆயிரம் விசாரணை செய்து வாங்கிய நான் கயிற்றை மட்டும் கையில் கிடைத்ததை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நான் எழுதுவது 12 மி.மீ. தடிமன் முப்புரி நைலான் கயிறுகள் நாலு கொண்ட ஒரு செட்டைப் பற்றி. இரண்டு கயிறு 6 மீட்டர், இரண்டு 9 மீட்டர். ஒரு முனையில் ஒரு அடி அளவுக்குக் கண்ணி பின்னிக் கொடுத்திருக்கிறார்கள், மறுமுனையில் நூல் சுற்றி இறுக்கி, நுனியை உருக்கி அடைத்திருக்கிறார்கள். கூடவே உராய்வுக்கு நாலு துணி உறையும், வெடுக்கென்ற இழுவையை வாங்கிக்கொள்ள, கயிற்றைச் சுற்றி மாட்டுகிற இரண்டு ரப்பர் தண்டும் வந்தன. இரண்டு வருடமாக இதே செட்தான், நடுவில் ஒரே ஒரு கயிறுதான் மாற்றினேன்.

முதலில் ஒரு விஷயம். படகை நன்றாகக் கட்டுவது என்றால் அசையாமல் கட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர் ஏறும், இறங்கும், அலை வரும், வேறு படகு போனால் அதன் அலை வரும், காற்று திசை மாறும். இதற்கு நடுவில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பொருளை அசையாமல் பிடிக்க எந்தக் கயிறாலும் முடியாது. முடியும் என்று நினைத்துக் கட்டினால் கயிறு அறும், அறாவிட்டால் கயிறு மாட்டியிருக்கிற இடம் பிய்யும். எனக்கு நடந்தது இரண்டாவது.

இந்த நைலானுக்கு முன்பு ஹெச்.எம்.பி.இ. என்ற பாலிஎத்திலீன் இழையில் செய்த கயிறு வைத்திருந்தேன். அதே தடிமன் எஃகுக் கம்பிக் கயிறுக்குச் சமமான வலிமை, எடையோ அதில் சின்னப் பங்கு, தண்ணீரில் மிதக்கும், அப்புறம் கிட்டத்தட்ட நீளவே நீளாது. பாய்மரப் படகில் பாய் தூக்கும் கயிறுக்கு அருமையான பொருள், இதில் சந்தேகமே இல்லை. நான் அதை வைத்துப் படகைக் கட்டினேன். அதுவும் தண்ணீர் முழு ஏற்றத்தில் இருந்த நேரத்தில், இரண்டே மீட்டர் நீளம் விட்டு, படகின் பக்கவாட்டிலிருந்து ஜெட்டிக்கு நேர் குறுக்காக, விரல் நுழையாத அளவுக்கு இறுக்கி. கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். திரும்பி வந்தபோது தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜெட்டியில் உரசிக்கொண்டிருந்தது. முன்பக்கத்து க்ளீட், அதாவது கயிறு சுற்ற இரண்டு பக்கமும் கொம்பு வைத்த அந்த உலோகக் கட்டை, நாலு திருகாணியோடும் உள்ளங்கை அளவு ஃபைபரோடும் பிய்ந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றில் ஒரு இழை பிரியவில்லை.

அந்தத் துளையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் படகு அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை, ஒன்றுதான் கேட்டார்: “மாட்டைக் கட்டும்போதே அது நாலு எட்டு நடக்க இடம் விட்டுத்தானே கட்டுறோம், படகை மட்டும் ஏன் தம்பி மூச்சு முட்டக் கட்டுனே?” இன்றைக்கும் கயிறை இழுத்து இறுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் கேட்கும்.

சரி, நைலானுக்கு வருவோம். இதன் முக்கியமான குணம் நீள்வது. சாதாரணமாகத் தாங்க வேண்டிய பாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீளும், அறும் நிலைக்குப் போவதற்குள் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீண்டுவிடும், பாரம் குறைந்ததும் திரும்பி வந்துவிடும். அலை ஒன்று படகைத் தூக்கி வெடுக்கென்று இழுக்கும்போது அந்த வெடுக்கைக் கயிறே வாங்கிக்கொள்கிறது, க்ளீட்டுக்குப் போய்ச் சேருவது நிதானமான இழுவை மட்டும். பாலியெஸ்டர் இதில் பாதிகூட நீளாது, ஆனால் உராய்வையும் வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும், நனைந்தாலும் வலிமை குறையாது. நைலான் நனைந்தால் பத்து முதல் பதினைந்து சதவீதம் வலிமை போகும், அதைக் கணக்கில் வைத்துத்தான் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலிப்ரொபிலீன் கயிறு மிதக்கும், அதனாலேயே அடுத்தவர் ப்ரொப்பெல்லரில் போய்ச் சுற்றும், வெயிலில் கிடந்தால் சீக்கிரமே கையில் குத்தும் சிலாம்பாக உதிர ஆரம்பிக்கும். அவசரத்துக்கு ஒரு ராத்திரி கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நீளும் கயிறு நல்லது என்பது நைலான் வந்த பிறகு கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தேங்காய் நார்க் கயிறு வலிமையில் மணிலாக் கயிறுக்குக் கிட்டே வராது, ஆனாலும் அலையடிக்கிற துறைகளில் பெரிய கப்பல்களைக் கட்ட அதைத் தேடி வைத்திருந்தார்கள், காரணம் அது நீண்டு கொடுக்கும், தண்ணீரிலும் மிதக்கும். ஆங்கிலத்தில் அதைக் ‘காயர்’ என்று சொல்வதே மலையாளத்துக் ‘கயர்’ வழியாகப் போன சொல், நம்முடைய ‘கயிறு’க்கு உடன்பிறப்பு.

தடிமன் விஷயத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு, படகின் நீளத்தில் ஒவ்வொரு 9 அடிக்கும் 3 மி.மீ. என்று. என் 24 அடிக்கு 8 மி.மீ. வருகிறது. நான் 12 எடுத்தேன், ஏனென்றால் என் படகு தினமும் வெயிலிலும் உராய்விலும் கிடக்கிறது, கொஞ்சம் தேய்ந்தாலும் மிச்சம் இருக்க வேண்டும், தவிர மெல்லிய கயிறு கையை அறுக்கும், ஈரக்கையால் பிடித்து இழுக்க 12 வசதி. 12 மி.மீ. முப்புரி நைலான் புதிதாக இருக்கும்போது சுமார் 3 டன்னில் அறும், அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தினசரி பாரமாக நினைத்துக்கொண்டால் நிம்மதி. சிலர் 16, 20 என்று போவார்கள். என்னைக் கேட்டால் இந்த அளவு படகுக்கு அது தப்பு. கயிறு அவ்வளவு தடித்தால் சின்னப் படகின் இழுவைக்கு அது நீளவே நீளாது, நைலானுக்குக் கொடுத்த காசு வீண், க்ளீட்டிலும் சரியாகச் சுற்றாது. க்ளீட் நீளம் கயிறு தடிமனைப் போல 16 மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள், 12 மி.மீ.க்கு கிட்டத்தட்ட 19 செ.மீ. உங்கள் க்ளீட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

தடிமனைவிட முக்கியம் நீளம், இந்த செட்டில் எனக்கு மிகப் பிடித்ததும் அந்த இரண்டு 9 மீட்டர் கயிறுதான். அவற்றை ஸ்பிரிங் என்பார்கள், சுருள்கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்று படகின் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போய் ஜெட்டியில் சேரும், இன்னொன்று பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிப் போகும், இரண்டும் படகின் ஓரத்திலேயே எக்ஸ் போல ஒன்றையொன்று தாண்டிக் கிடக்கும். படகு முன்னாலும் பின்னாலும் ஓடாமல் நிறுத்துவது இவை. முன்கயிறும் பின்கயிறும் படகை ஜெட்டியை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும். முன்னும் பின்னுமாக இரண்டு கயிறு மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், அவர்கள் படகு ராத்திரி முழுக்க முன்னே ஒரு மீட்டர் பின்னே ஒரு மீட்டர் என்று நடந்துகொண்டே இருக்கும், இடிபடாமல் நடுவில் தொங்கவிடும் ஃபென்டர் மெத்தையெல்லாம் மேலே உருண்டு ஏறி, காலையில் ஃபைபர் நேரடியாகக் கட்டையில் தேய்ந்துகொண்டிருக்கும்.

நீளம் ஏன் முக்கியம் என்பதற்குப் பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணமே போதும். ஏற்றத்தில் கயிறு படுக்கையாக இருக்கிறது என்று வையுங்கள், தண்ணீர் 2 மீட்டர் இறங்குகிறது. 9 மீட்டர் கயிறுக்கு அப்போது தேவைப்படும் நீளம் 9.22 மீட்டர், அதாவது 22 செ.மீ. அதிகம். நைலான் அதை எளிதாக நீண்டு கொடுத்துவிடும், கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டியிருந்தால் அதுகூட வேண்டாம். நான் கட்டிய 2 மீட்டர் கயிறுக்கோ 2.83 தேவை, 83 செ.மீ. அதிகம். அவ்வளவு நீள எந்தக் கயிறாலும் முடியாது. என் க்ளீட் பிய்ந்ததற்கு இந்த ஒரு கணக்கே காரணம், இதை அன்றைக்கு யாராவது ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இங்கே எழுதுவதும் அதற்காகத்தான். அப்புறம், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடும், சாதாரண நாளில் சரியாக இருந்த தொய்வு அன்றைக்குப் போதாமல் போகலாம், ஆகவே கட்டும்போது அந்த மாதத்தின் பெரிய வற்றத்தை நினைத்துக் கட்டுங்கள்.

போன வருடம் ஒரு ராத்திரி காற்று வலுத்தது. மாலையில் 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) இருந்தது நள்ளிரவில் 40ஐத் தொட்டது. காற்று இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நாலு மடங்கு, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் டார்ச் அடித்துக்கொண்டு ஜெட்டியில் நின்று பார்த்தால்தான் நாலு மடங்கு என்பது உடம்புக்கு உறைக்கிறது. முன்கயிற்றின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தேன். பலமான வீச்சு வரும்போது மூன்று புரியும் ஒன்றோடொன்று நெருங்கி, கயிறு மெலிந்து, உள்ளே இருந்த தண்ணீர் துணியைப் பிழிந்தது போல முத்து முத்தாக வெளியே வந்து சொட்டியது. ஒரு நொடி அப்படியே நிற்கும். வீச்சு தணிந்ததும் கயிறு பழையபடி தடித்து, நடுப்பகுதி தாழ்ந்து, படகு மெதுவாக ஜெட்டிப் பக்கம் வரும். மறுபடி வீச்சு, மறுபடி சொட்டு. சடக்கென்ற ஒரு சத்தம்கூட க்ளீட்டில் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போல நின்று பார்த்துவிட்டு, கயிறு போகும் நேர்கோட்டில் மட்டும் நிற்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, போய்ப் படுத்தேன். தூக்கமும் வந்தது.

அந்த நேர்கோட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நீளும் கயிறு என்றால் இழுத்த வில், அது அறுந்தால் வந்த வழியே சவுக்கு மாதிரி திரும்பி அடிக்கும், அடிக்கிற வேகத்தில் விலகவே முடியாது. நீளாத கயிறு என்றால் அடிக்காது என்றும் நம்ப வேண்டாம். 2015 மார்ச் 2ஆம் தேதி வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவன் துறையில் ஸர்கா என்ற எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது ஒரு ஹெச்.எம்.பி.இ. கயிறு அறுந்து திரும்பி வந்து கப்பல் அதிகாரி ஒருவரின் தலையில் அடித்தது, அவருக்குப் படுகாயம். கப்பல்களில் கட்டும் கயிறுகளைச் சோதித்துப் பராமரித்துப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் கீழ் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம்மைப் போன்ற சின்னப் படகுக்காரர்களை எந்த விதியும் கேட்காது, நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வருகிறவர்கள் இறுகிய கயிறு பக்கம் அவர்களை நிற்க விடாதீர்கள்.

இனி குறைகள். நாலு கயிற்றில் ஒன்றின் கண்ணி சரியாகப் பின்னப்படவில்லை. முப்புரிக் கயிற்றில் கண்ணி என்பது முனையின் மூன்று புரியையும் பிரித்து, கயிற்றின் உடம்புக்குள் மேல் ஒன்று கீழ் ஒன்றாகக் கோத்து இழுப்பது. நன்றாகக் கோத்தால் கயிற்றின் வலிமை பெரும்பாலும் அப்படியே நிற்கும், முடிச்சுப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், ஆகவே பின்னிய கண்ணிக்குக் காசு கொடுப்பது நியாயம்தான். ஆனால் நைலான் வழுக்கும், குறைந்தது ஐந்து சுற்றாவது கோக்க வேண்டும். என் கயிற்றில் எண்ணிப் பார்த்தேன், மூன்று சுற்றுதான். வாங்கிய இடத்தில் சொன்னேன், பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனாலும் இது அனுப்பும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம். வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் கண்ணியின் கழுத்தைத் தடவி, கோத்த சுற்றுகளை எண்ணுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

துணி உறையைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். அது நெய்த துணி, தண்ணீர் உள்ளே போய்வரும், அது சரி. பலர் பழைய பிளாஸ்டிக் குழாயைக் கயிற்றில் மாட்டுகிறார்கள். பெருங்காற்றில் கயிறு நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி உள்ளேயே சூடாகும், குழாய் மழையையும் அலையையும் உள்ளே விடாது, சூடு வெளியேற வழியில்லாமல் இழைகள் உள்ளுக்குள் வலுவிழந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே துணிதான். ஆனால் இவர்கள் கொடுத்த உறை ஒட்டுப்பட்டையால் மட்டும் நிற்கிறது, இரண்டே வாரத்தில் தேய்கிற இடத்தை விட்டு நழுவி வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் தடித்த மெழுகு நூலால் இரண்டு முனையையும் புரிகளுக்கு நடுவே குத்தி எடுத்துத் தைத்துவிட்டேன், அதற்கப்புறம் நகரவில்லை. ரப்பர் தண்டு இரண்டும் பெட்டியிலேயே இருக்கின்றன. கயிறு குட்டையாகத்தான் கட்ட முடியும் என்ற இடத்தில் அவை உதவும், 9 மீட்டர் நைலானுக்குத் தேவையே இல்லை.

முப்புரிக் கயிறு கொஞ்சம் பழகித்தான் கைக்கு அடங்கும். வலமுறுக்குக் கயிறை வலஞ்சுழியாகவே சுருட்ட வேண்டும், எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் முறுக்கு கலைந்து ஒரு இடத்தில் முண்டு விழும், விழுந்த இடம் பலவீனமாகிவிடும். உப்பு ஏறினால் கயிறு விறைத்துப் போகிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசினால் பழைய மென்மை பெரும்பாலும் வந்துவிடுகிறது. மேலே லேசாகப் பஞ்சு போல எழும்பியிருப்பதைப் பார்த்து நான் முதலில் பயந்தேன். அது பரவாயில்லை, உள்ளே இருக்கும் இழைகளுக்கு அதுவே ஒரு போர்வை. புரிகளை விரலால் பிரித்து உள்ளே பாருங்கள், மாவு போல உதிர்ந்தால் அந்தக் கயிறின் காலம் முடிந்தது. முப்புரிக் கயிற்றில் இப்படி உள்ளே பார்க்க முடிவது பெரிய சௌகரியம், மேலுறை பின்னிய கயிற்றில் இதற்கு வழியில்லை. நான் மாற்றிய முன்கயிறு பதினான்காவது மாதத்தில், க்ளீட்டுக்குப் போகும் வழியில் படகின் விளிம்பு தொடும் இடத்தில், ஒரு புரி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. உறை நழுவிய நாட்களின் வேலை அது.

கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது போய்ப் பிடிக்கிற இடம் சரியாக இருக்க வேண்டும். என் க்ளீட்களை இப்போது திருகாணியில் விடவில்லை, ஃபைபரைத் துளைத்து போல்ட் போட்டு, அடியில் அகலமான துருப்பிடிக்காத எஃகுத் தகடு கொடுத்து முடுக்கியிருக்கிறேன். சுற்றும் முறையும் அப்படித்தான்: க்ளீட்டில் தூரத்துக் கொம்பைச் சுற்றி அடியில் ஒரு முழுச் சுற்று, பிறகு எட்டு வடிவில் ஒன்று அல்லது இரண்டு, கடைசியில் கயிறு தன் அடியிலேயே மாட்டி நிற்கும்படி ஒரு திருப்பு. இதற்கு மேல் சுற்றி மலை போலக் குவிப்பதால் பிடி கூடாது, அவசரத்தில் அவிழ்க்கத்தான் நேரமாகும். படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பாரத்தோடேயே, இருட்டில் ஒரு கையால் அவிழ்க்க வர வேண்டும், அதுதான் எனக்குச் சரியான கட்டு. ஜெட்டித் தூணில் ஏற்கெனவே வேறு படகின் கண்ணி இருந்தால் அதற்கு மேலே உங்கள் கண்ணியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர் முதலில் கிளம்ப வேண்டுமானால் உங்கள் கயிறை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். உங்கள் கண்ணியை அவருடைய கண்ணிக்குள் கீழிருந்து மேலாக எடுத்து, பிறகு தூணில் மாட்டுங்கள். யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிறு அசையாது.

மொத்தத்தில் கயிறு தரமானது, கண்ணியை எண்ணிப் பார்க்க வேண்டும், உறையைத் தைத்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், போன அந்த ஒன்று உறைக்கும் மூன்று சுற்றுக் கண்ணிக்கும். அடுத்த மாதம் நாலையும் கழற்றி, முனை மாற்றிக் கட்டப் போகிறேன், இதுவரை ஜெட்டிப் பக்கம் இருந்த முனை படகுக்கு வரும், தேய்வு வேறு இடத்துக்கு மாறும். ஜெட்டியின் கடைசித் தூண்கள் தூரமாக இருப்பதால் ஸ்பிரிங்குக்கு 12 மீட்டரில் ஒரு ஜோடி தனியாகச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் கண்ணியை எண்ணிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.